செங்கீரியைக் கொன்ற பெட்டை

அந்த அட்டப்பெட்டிய மடியில வச்சுக்க தாயி, நானும் உக்காந்துக்கிறேன். பஸ்ஸுல ஆம்பளைக பக்கம் போயி இடிபட முடியாது இந்த வெக்கையில. என்ன, உள்ள கீச்சுக்கீச்சுங்குது? குஞ்சா? தெற, பாப்போம். அட, தெறன்னா. நான் ஒண்ணும் தூக்கிட்டு ஓடிற மாட்டேன்.

யாரு குடுத்தா இத? சந்தையிலயா? என்னன்னு சொல்லிக் குடுத்தான்? எல்லாமே பேண்டமா? அவன் வாயில மண்ணு விழ. இந்தா பாரு, விரல் நுனி வரைக்கும் மயிரு எறங்கிக் கெடக்கே, இது ஒண்ணுதான் அவன் சொன்ன சாதி. சீமைக் குட்டைக்கோழி. இந்தச் செவலை, எங்கூர்ச் சிறுவிடை. சிறுவிடையும் குட்டைதான், ஆனா அது வேற ரத்தம். இந்த ரெண்டும் பண்ணைக்கோழிக் குஞ்சு, கொஞ்ச நாள்ல ஆட்டுக்குட்டி கணக்கா வளந்து நிக்கும், உன் வீட்டுல பலகாரத்தையெல்லாம் தூக்கிட்டுப் போகும். இந்தப் பச்சைக் கலரு இருக்கே, இது சாயம். எச்சியத் தொட்டுத் தடவு, கையில ஒட்டுதா இல்லையா பாரு.

பெட்டையா சேவலான்னு சொல்லவா? புள்ளைக்கு வளக்கவா வாங்குன? அப்ப கேட்டுக்க. இது வாலு சீக்கிரமா முளைச்சிருச்சு, பெட்டை. இதுவும் பெட்டை. இவன் இருக்கானே, வாலு மொட்டை, ஆனா நெஞ்ச நிமித்திக்கிட்டு என்னையவே மொறைக்கிறான் பாரு. சேவல். பெட்டைன்னா ஆளக் கண்டா பதுங்கும். சேவல் நின்னு என்னடாங்கும். இன்னொண்ணு, கொண்டை. குஞ்சுலயே கொண்டை செவந்துச்சுன்னா சந்தேகமே வேணாம். ஆனா நான் கொண்டையெல்லாம் பாக்குறது இல்ல. கையில எடுத்தாலே தெரிஞ்சிரும் எனக்கு. பவுன்தாயி கையில எடுத்துப் பெட்டைன்னா பெட்டை, சேவல்ன்னா சேவல். எங்க பக்கம் யாருகிட்ட வேணாக் கேளு. ஏழெட்டு ஊருலருந்து கூடையில போட்டுத் தூக்கிட்டு வருவாக. என்ன சாதி, என்ன நெறம் வரும், ஆணா பொண்ணா, எல்லாம் சொல்லுவேன். ஒருநாளும் தப்பாச் சொன்னது கெடையாது.

ஒருநாளும்.

ஏன் தாயி கன்னத்தப் பாக்குற? நகம் பட்டிருச்சு. சேலையும் கிழிஞ்சிருக்கு, பாக்கத்தான செய்யுற. ஜெயிலுக்குப் போயிட்டு வர்றேன். எம்மகன் சுருளி உள்ள இருக்கான். அவன் தாய்மாமன வெட்டிட்டான். தாய்மாமன்னா எங்கூடப் பொறந்த தம்பி, வீரணன். சாகல, இருக்கான். கை போயிருச்சு. இன்னைக்கு மகனப் பாக்கலாம்னு போனா, இவன் வரமாட்டேன்னுட்டான். பெத்தவ வாசல்ல வந்து காத்துக் கெடக்குறேன், வார்டரு வந்து சொல்றாரு, ஆத்தா உங்க மகன் வரலையாம்னு. இதோட மூணாந்தடவ. எதுக்கு வரலேன்னு நீயே சொல்லு, நான் நடந்தது எல்லாத்தையும் சொல்றேன். எம்மேல குத்தம் இருந்தாச் சொல்லு.

எந்தம்பிக்குச் சேவக்கட்டுன்னா உசிரு. போலீசு வேண்டாம்னு சொன்ன பெறகுங்கூட, தோப்புக்குள்ள ஒளிச்சு வச்சு மோத விடுவான். பெருஞ்சேவல் இல்ல, சிறுவிடை. கைக்குள்ள அடங்குற உடம்பு, வீட்டுக்குள்ள அடங்காத கோவம். அதுல ஒண்ணு வச்சிருந்தான், செங்கீரி. கீரிப்புள்ள நெறம் தெரியும்ல, அதுல கொஞ்சம் ரத்தத்தக் கலந்து விட்ட மாதிரி. அது மோதுன மோதல்ல எதிர்ல நின்னது ஒண்ணு கூட எந்திரிச்சு நடந்தது இல்ல. எதிர்ச் சேவலோட கழுத்தப் புடிச்சுச்சுன்னா புடுங்கித்தான் விடும். எந்தம்பி பொண்டாட்டி செத்தப்பக்கூட அம்புட்டு அழல, அந்தச் சேவலுக்கு ஒருக்கா நெஞ்சுல அடி பட்டப்ப அழுதான். நான் பாத்தேன்.

அந்தச் செங்கீரியோட தங்கச்சிக்கோழி ஒண்ணு அடை வச்சுக் குஞ்சு பொரிச்சுச்சு. இந்தச் சேவக்கட்டுக்காரங்க வழக்கம் உனக்குத் தெரியாது தாயி. சேவல யாருக்கு வேணாலும் குடுப்பாய்ங்க, பெட்டையக் குடுக்க மாட்டாய்ங்க. வம்சம் பெட்டையிலதான் இருக்குன்னு நெனப்பு. அதனால குஞ்சப் பிரிக்கிறதுதான் பெரிய காரியம். பெட்டைய எல்லாம் பத்திரமா வச்சுக்கிட்டு, சேவக்குஞ்சுல நல்லத நிறுத்திட்டு மிச்சத்த வெளிய தள்ளிருவாய்ங்க.

கூடையத் தூக்கிட்டு அவன் ஊருலருந்து எங்க வீட்டுக்கு வந்தான். கூடவே அவன் மக செவ்வந்தி. எம்மகனுக்கு அவளத்தான் கட்டுறதுன்னு அவ பொறந்த அன்னைக்கே பேசிட்டோம். கூடத்துல உக்காந்து ஒவ்வொண்ணா எடுத்தேன். இது காகம், முழுக் கறுப்பு வரும், சேவல். இது கீரி, சேவல். இது செவலை, பெட்டை. அப்படியே வந்து ஒரு சாம்பல் குஞ்சு. பூதின்னு சொல்லுவோம் அந்த நெறத்த. எடுத்ததுமே சொன்னேன், சாம்பல் பூதி, பெட்டை.

எந்தம்பி கேட்டான், அக்கா, இது கொஞ்சம் நிமிந்து நிக்குதே, நல்லாப் பாத்துச் சொல்லுன்னான். எனக்கு எப்படி இருக்கும்? கூடத்துல நாலு பேரு இருக்காக. நான் சொன்னேன், உனக்குப் பாக்கத் தெரிஞ்சா எதுக்குடா எங்கிட்டக் கொண்டாந்தன்னேன். எல்லாரும் சிரிச்சாக. அவனும் சிரிச்சிட்டுத்தான் போனான். செவ்வந்தி அந்தப் பூதிய மடியில வச்சுத் தடவிக்கிட்டே போனா.

குஞ்சு வளந்துச்சு. வளந்தா இறகுல தெரியணும்ல? சேவல்ன்னா கழுத்து இறகு ஊசியா நீளும், வாலு அருவா கணக்கா வளையும். பூதிக்கு எதுவும் வரல. உருண்டை உருண்டையா பெட்டை இறகுதான். வாலும் பெட்டை வாலு. போயிப் பாத்துட்டுச் சொன்னேன், என்னடா, பெட்டையா இல்லையான்னு. ஆமாக்கான்னான்.

பெறகு ஒருநா செவ்வந்தி வந்தா. அத்த, பூதி இன்னைக்குக் கரகரன்னு ஒரு சத்தம் குடுத்துச்சு, கூவுற மாதிரியே இருந்துச்சுன்னா. பக்கத்துக் கூட்டுச் சேவல் கூவியிருக்கும், உனக்குக் காது அவிஞ்சு போச்சான்னேன். இல்லத்த, நான் முன்னாடி நின்னு பாத்தேன்னா. அப்பச் சனியன் புடிச்ச பெட்டை, கூவுற பெட்டைய வீட்டுல வைக்கக் கூடாது, அறுத்துருன்னு சொன்னேன். அவ அழுதுக்கிட்டுப் போயிட்டா. இன்னொருக்கா வந்து, காலுல சேவலுக்கு வர்ற மாதிரி முள்ளு மொட்டு விட்டிருக்கு அத்தன்னா. பெட்டைக்கும் சிலதுக்கு முள்ளு வரும், எனக்குச் சொல்லித்தர வந்துட்டியான்னு ஒரு அறை விட்டேன். லேசாத்தான். மருமகளா வரப்போறவ, இப்பவே வாயக் கட்டி வச்சாத்தான நல்லது. முட்டை வைக்கலையேன்னு எந்தம்பி கேட்டான். வெடைக்கோழி முதமுட்டைக்குத் தாமசமாத்தான் வரும்னேன். அதுல என்ன தப்பு? வரத்தான செய்யும்.

தை மாசம் செங்கீரி கடைசியா ஒரு கட்டுல ஜெயிச்சுச்சு. ஒரு கண்ணு போச்சு. சரி, இனிக் கட்டு வேணாம், இத வச்சு வம்சம் எடுப்போம்னு முடிவு பண்ணிட்டான். இருந்த பெட்டையிலயே நல்ல எலும்பு, நல்ல காலு பூதிக்குத்தான். ரெண்டையும் புடிச்சு ஒரே பஞ்சாரக் கூடையில போட்டுக் கவுத்துட்டுக் காட்டுக்குப் போயிட்டான்.

செங்கீரி பெட்டைன்னு நெனச்சு ரெக்கைய எறக்கிக்கிட்டுப் போயிருக்கு. சண்டைக்குப் போகல பாத்துக்க, ஆசையா போயிருக்கு. மேல ஏறப் போனத அந்தப் பூதி திரும்பி ஒரே குத்து, நல்லாருந்த கண்ணுல. பெறகு செங்கீரிக்கு எதுவும் தெரியல. பஞ்சாரத்துக்குள்ள ஓடவும் எடம் இல்ல. எம்புட்டு நேரம் கொத்துச்சோ. செவ்வந்தி வந்து தெறந்தப்ப செங்கீரிக்கு மண்டையில தோலு இல்ல. பூதி அது மேல ஏறி நின்னுக்கிட்டு ரெக்கைய அடிச்சுக் கூவுச்சாம். தெருவே கேட்டுச்சுன்னு சொல்லுறாக. சொல்லுவாக, சொல்லுறதுக்கென்ன.

அன்னைக்கு நான் அம்மியில தேங்கா அரைச்சுக்கிட்டிருந்தேன். எந்தம்பி வந்தான். ஒரு கையில செத்த செங்கீரி, இன்னொரு கக்கத்துல உசிரோட பூதி. பின்னாடி எங்க தெருவே வருது. அக்கா, இது பெட்டையான்னான். நான் நிமிந்து பாத்தேன். ஆமாடா, பெட்டைன்னேன். மறுக்கா கேட்டான், இது பெட்டையாக்கான்னான். ஆமான்னேன். அம்புட்டுத்தான், செத்த சேவலக் காலப் புடிச்சுத் தூக்கி என் மூஞ்சியிலயே அடிச்சான். இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. செங்கீரி ரத்தம் என் வாயில போச்சு தாயி. உப்புக்கரிச்சுச்சு. முடியப் புடிச்சு இழுத்துத் தெருவுல கொண்டாந்து போட்டு மிதிச்சான். சேவலும் பெட்டையும் தெரியாத மூதேவி, உனக்கு எதுக்குடி அந்தப் பேருன்னான். அக்கான்னு ஒரு வார்த்த இல்ல, வாடி போடின்னு பேசுனான். ஊரே நிக்குது. ஒருத்தன் வந்து தடுக்கல. சந்தோசமாப் பாக்குறாய்ங்க.

எம்மகன் சுருளி அங்கதான் நின்னான். தண்ணிக் கொடம் தூக்கிட்டு வந்தவன். கொடத்த எறக்கி வச்சான். நான் நெனச்சேன், இப்ப மாமன் மண்டையப் பொளக்கப் போறான்னு. அவன் என்ன செஞ்சான் தெரியுமா? மாமன் கையப் புடிச்சு, மாமா வேணாம் மாமா, கேட்டுக்கிறேன், விட்டுருங்கன்னான். கெஞ்சுறான். பெறகு குனிஞ்சு அந்தச் செத்த சேவல எடுத்துத் துண்டுல சுத்துறான். தெருவுல கெடக்குறது பெத்தவ, அவன் சேவல எடுக்குறான்.

எந்தம்பி போகும்போது ஒண்ணு சொன்னான். தப்பாச் சொல்லிட்டேன்டான்னு ஒரு வார்த்த சொல்லு, செத்தது செத்துப்போச்சு, நானும் அடிச்சதுக்குக் கால்ல விழறேன். சொல்லலேன்னா எம்மக உன் வீட்டுப் படி ஏறமாட்டா. இதத்தான் சொன்னான். சொல்லியிருக்கலாம்லங்கிறியா? எதுக்குச் சொல்லணும்? அடிவாங்குனவ நானு. அதுவும் பெட்டைய எப்படிச் சேவலுங்கிறது?

நிரூபிக்கிறேன்டான்னு சொன்னேன். பூதிய அவன் அங்கேயே விட்டுட்டுப் போயிட்டான். நான் எந்திரிச்சு வாயத் தொடச்சுக்கிட்டு, பூதியப் புடிச்சு டீக்கடை வாசல்ல எல்லாரும் பாக்க அறுத்தேன். வயித்தப் பொளந்து கொடல எடுத்துப் போட்டு உள்ள காட்டுனேன். முதுகெலும்ப ஒட்டி ரெண்டு வெள்ளையா இருந்துச்சு, அவரைக்கொட்டை கணக்கா. டீக்கடைக்காரன் பாத்துட்டு, ஆத்தா, இது சேவலோட வெதக்காயி, சில சேவலுக்கு இப்படிப் பெட்டை இறகு வரும், எங்கப்பன் சொல்லிக் கேட்டிருக்கேன்னான். போடா, முட்டைக் கரு காஞ்சு போனா அப்படித்தான் இருக்கும், டீ ஆத்துறவன் டீய ஆத்துன்னேன். எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாய்ங்க. நான் அதக் கொண்டுபோயிக் கொழம்பு வச்சு ஒரு ஆளாத் தின்னேன். சுருளி தொடல.

தொடாததோட விட்டானா? பக்கத்துல வந்து உக்காந்து சொல்றான், அம்மா, அது சேவல்தாம்மா, நானும் பாத்தேன், ஒரு வார்த்த சொல்லிரும்மா, எனக்காகச் சொல்லிரு. நீயும் அவன் பக்கமாடான்னு கேட்டேன். பக்கமெல்லாம் இல்லம்மா, செவ்வந்திய நெனச்சுப் பாருன்னான். இதுதான் தாயி எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. பெத்தவ தெருவுல மிதி வாங்கிக் கெடக்குறா, இவனுக்குப் பொண்ணு நெனப்பு.

அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். சுருளி சோத்தத் தட்டுல வைக்கல, மண்ணுல வச்சேன், கோழிக்கு வைக்கிற மாதிரி. பக்கத்துல என் பழைய சேலையும் ரெண்டு வளையலும் வச்சேன். கட்டிக்கன்னேன். அவன் எந்திரிச்சுப் போயிட்டான். மறுநாளும் வச்சேன். அதுக்கு மறுநாளும். படுக்க வந்தா, இங்க ஆம்பளைக படுக்குற எடம், நீ பெட்டைக் கூட்டுப் பக்கம் போன்னுவேன். தண்ணி எடுக்கப் போற பொம்பளைக கேக்குற மாதிரிச் சொல்லுவேன், எனக்குப் பொறந்தது பொண்ணுன்னு மருத்துவச்சி சொன்னா, நான்தான் தப்பாப் பாத்துட்டேன்னு. அதுகளுக்கு ஒரே சிரிப்பு. பூதி சண்டை போட்டுச்சுடா, நீ போடலையேன்னு கேட்டேன் ஒருநா. மூஞ்சி வெளிறிப் போச்சு அவனுக்கு. வேலைக்குப் போறத நிறுத்திட்டான். யாருகிட்டயும் பேச்சு இல்ல. சோறும் எறங்கல. எனக்குத் தெரியும், உள்ள கொதிக்குதுன்னு. குஞ்சு மொதல்ல பதுங்கும், பெறகுதான் நிமிரும்.

நான் அருவாள அவன் கையில குடுக்கல. வக்கீலு இத நல்லா ஞாபகம் வச்சுக்கங்கன்னு சொன்னாரு. நான் குடுக்கவே இல்ல. தீட்டி, வாசல்படி ஓரமாச் சாத்தி வச்சேன், அவ்வளவுதான். யாரு வீட்டுல அருவா இல்ல?

காலையில பாத்தேன், அருவாளும் இல்ல, அவனும் இல்ல. நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குச்சு. பயமுன்னு நெனக்காத. பொய் சொல்ல மாட்டேன் தாயி, சந்தோசம். எம்மகன் நிமிந்துட்டான்னு ஒரு சந்தோசம்.

எந்தம்பி வாசல்ல உக்காந்து சேவலுக்குக் கம்பு ஊற வச்சுக்கிட்டு இருந்தானாம். சுருளியப் பாத்தான், அருவாளக் கவனிக்கல. வாடா மாப்ளே, உக்காரு, கஞ்சி குடிக்கிறியான்னு கைய நீட்டுனானாம். நீட்டுன கையத்தான் வெட்டியிருக்கான். மணிக்கட்டோட. அது போயி கம்புச் சட்டியில விழுந்துச்சாம். அடுத்தது தோள்ல ஒண்ணு. செவ்வந்தி ஓடியாந்து நடுவுல விழுந்திருக்கா, அவளுக்கும் முதுகுல ஒரு கீறல். அதோட நிறுத்திட்டான். வாடா மாப்ளேன்னு கூப்புட்டான்னு ஊரெல்லாம் உருகுறாக. நடிப்பு. அவன் எனக்குத் தெரியாத ஆளா? கூடப் பொறந்தவன்.

சுருளி நேரா எங்கிட்டத்தான் வந்தான். சட்டையெல்லாம் ரத்தம். அருவாள என் முன்னாடி போட்டான். போதுமாம்மான்னு கேட்டான். கொஞ்சம் தண்ணி குடிடான்னு சொம்ப நீட்டுனேன். வாங்கல. அப்படியே நடந்து போலீஸ் ஸ்டேசனுக்குப் போயிட்டான். அன்னையிலருந்து எங்கிட்ட ஒரு வார்த்த பேசல. போதுமான்னு கேட்டதுதான் கடைசி.

இன்னைக்கு மனுக் குடுத்துட்டு உக்காந்திருந்தேன். வர்க்கியும் பழமும் வாங்கிட்டுப் போனேன். வார்டரு வந்து வரலையாம்னு சொல்லிட்டாரு. சரி, காய்ச்சலோ என்னமோன்னு நெனச்சுக்கிட்டு வாசலுக்கு வந்தேன். உள்ளருந்து யாரு வர்றா தெரியுமா? செவ்வந்தி. எந்தம்பி மக. அவ அப்பன் கைய வெட்டுனவனப் பாத்துட்டு வர்றா. அவளப் பாக்க வந்திருக்கான் எம்மகன். பேசியிருக்கான். பெத்தவளுக்கு முடியல, அவளுக்கு முடியுது.

எனக்குக் கண்ணு இருட்டிருச்சு. பாஞ்சு முடியப் புடிச்சுட்டேன். எம்புள்ளைய என்னடி பண்ணுன, என்ன மருந்து வச்சன்னு கேட்டுக் கேட்டு அடிச்சேன். வாயில அடிச்சேன், வயித்துல அடிச்சேன். அவ திருப்பி அடிக்கல. கைய மட்டும் தட்டி விட்டா, அதுல பட்டதுதான் இந்த நகம். ரெண்டு பொம்பளைப் போலீசு வந்து என்னையப் பிச்சு எடுத்தாக. பழமெல்லாம் ரோட்டுல உருண்டு, ஒரு லாரி ஏறிருச்சு.

அவ உதட்டுல ரத்தம். தொடச்சுக்கிட்டுச் சொல்றா, அத்த, அவருக்கு ஜாமீன் கெடைச்சிருச்சு. எங்கப்பாவே ஆட்சேபம் இல்லன்னு எழுதிக் குடுத்துட்டாரு, இடது கையில கைநாட்டு வச்சு. அவருதான் வெளிய வரமாட்டேங்கிறாரு. ஏன்டின்னு கேட்டேன். வெளிய வந்தா உங்க வீட்டுக்குத்தான வரணும், அதுக்கு இங்கயே இருந்துக்கிறேன்னு சொல்றாரு அத்தன்னா. பொய் சொல்றன்னு மறுக்கா பாஞ்சேன், போலீசு விடல.

அவ போகாம நின்னா. அழுதா. அத்த, அவரு ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறாரு. எங்கம்மா வந்து மாமாகிட்ட, நான் தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லட்டும், அன்னைக்கே நான் வெளிய வாரேங்கிறாரு. எங்கப்பா உங்கமேல கோவமா இல்ல அத்த, வாங்க அத்த, ஒரு வார்த்த தான அத்தன்னு என் காலப் புடிச்சா. நான் உதறிட்டு வந்து பஸ்ஸு ஏறிட்டேன். அவ அடுத்த பஸ்ஸுல வருவா.

இப்ப நீ சொல்லு தாயி. கையப் பறிகுடுத்தவன் மன்னிச்சுட்டான், மக மன்னிச்சுட்டா, பெத்த புள்ளைக்கு மட்டும் எம்மேல என்ன கோவம்? எல்லாம் அவனுக்காகத்தான செஞ்சேன். ஊரு அவன ஆம்பளன்னு சொல்லணும்னுதான செஞ்சேன். பெட்டிய எதுக்கு அந்தப் பக்கமா நகத்துற?

என்ன சொல்றாரு கண்டக்டரு? அரசம்பட்டி விலக்கா? வந்துருச்சா அதுக்குள்ள.

இதான் தாயி எந்தம்பி ஊரு. அந்தப் பாலத்தத் தாண்டுனா அவன் வீடு. டிக்கெட்டு இங்க வரைக்குந்தான் வாங்குனேன், எதுக்குன்னு தெரியல. எங்கன்னு கேட்டாரு, வாயில இந்த ஊருதான் வந்துச்சு. இப்ப எறங்கிப் போனா அவன் கட்டில்ல படுத்துக் கெடப்பான். வாக்கான்னு சொல்லுவான். நான் நிக்கணும், அவன் பாப்பான், நான் வாயத் தெறந்து அதச் சொல்லணும். சொல்லிட்டா நாளைக்கு எம்மகன் வீட்டுல இருப்பான். தட்டுல சோறு வச்சா திம்பான். அம்மான்னு கூப்புடுவான்.

இருங்கய்யா, விசிலடிக்காதீக. காலு மரத்துப் போச்சு, கம்பியப் புடிச்சுத்தான எந்திரிக்கணும். கொஞ்சம் தள்ளிக்க தாயி. இந்தா எந்திரிச்சுட்டேன். நிக்கச் சொல்லுங்க வண்டிய.

வாழ்நாளெல்லாம் சொன்ன வாயி. ஒண்ணு தப்புன்னா, மத்ததெல்லாம் சரின்னு யாரு நம்புவா?

இல்லய்யா. எறங்கல. நீங்க விசிலக் குடுங்க, வண்டி போகட்டும். எங்கூருக்கு ஒரு டிக்கெட்டுப் போடுங்க.